ஆடினால் நூறு சதவீதம் ஆடுவோம்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். அதிலும் ஆட்டம் யுத்தத்தைப் பற்றியது, ஆடுகிறவர்களோ பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். "கண் கெடும், படிப்புக் கெடும், மனமும் கெடும்" என்று மூன்று கேடுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். முதல் இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் மட்டும் என்பது எங்கள் நால்வர் வீட்டிலும் பேசி முடித்த ஏற்பாடு. காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது கேடு இருக்கிறதே, அதைத்தான் அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாங்கள் ஆடுவது நீர்மூழ்கிக் கப்பல் ஆட்டம். பெயர் 'சைலண்ட் ஹன்டர் 3'. யூபிசாஃப்ட் நிறுவனம் 2005-ஆம் ஆண்டு வெளியிட்டது. அதாவது வயதில் எங்களுக்கு அக்கா! அதனால்தான் எங்களில் ஒருத்தியின் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச மடிக்கணினியிலேயே அது ஓடுகிறது. இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் திரிந்த ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றின் கேப்டனாக நாம் அமர வேண்டும். பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கொண்டு போகும் கப்பல்களைத் தேடி மூழ்கடிக்க வேண்டும். "ஐயோ, ஜெர்மானியர் பக்கமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சற்றுப் பொறுங்கள், அதற்கும் வருகிறோம்.

ஆட்டம் தொடங்குமுன் ஒரு பட்டியல் வரும். கப்பலை வெளியிலிருந்து காட்டும் காமிரா வேண்டுமா, எதிரிக் கப்பல்கள் இருக்கும் இடம் கடல் வரைபடத்தில் தானாகவே விழ வேண்டுமா, குறிபார்க்கும் கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டுத் தர வேண்டுமா, எரிபொருளும் பாட்டரியும் மூச்சுக் காற்றும் தீராமல் இருக்க வேண்டுமா, டார்பிடோ ஒன்றுகூடப் பழுதாகாமல் வெடிக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒவ்வொரு சலுகையையும் 'வேண்டாம்' என்று சொல்லச் சொல்ல, உண்மைத்தன்மை என்ற எண் ஏறிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் துறந்தால் நூறு சதவீதம். தவக்காலத்தில் இனிப்பு, சினிமா என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுவோமே, ஏறக்குறைய அந்த மாதிரிதான்.

எங்கள் அபிப்பிராயம் இதுதான்: ஆடுவதானால் நூறு சதவீதம் ஆட வேண்டும். மனத்தைக் கெடுப்பது கடினமான ஆட்டம் இல்லை, சுலபமான ஆட்டமே.

இதற்குச் சாட்சியாக எங்களில் ஒருத்தியின் பெரியம்மா மகனைக் கூப்பிடலாம். கல்லூரியில் படிக்கும் அந்த அண்ணன் எல்லாச் சலுகைகளையும் வைத்துக்கொண்டு ஆடுகிறவர். வரைபடத்தில் கப்பல்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். சொடுக்கினால் குண்டு போகும். காமிரா அந்தக் குண்டின் முதுகில் ஏறிக்கொண்டு கூடவே போகும். கப்பல் நடுவில் பிளந்து தீப்பற்றி எரிவதை நான்கு பக்கமிருந்தும் பார்த்துக் கைதட்டுவார். ஒரு மாலையில் இருபது கப்பல்! காப்பி ஆறுவதற்குள் அட்லாண்டிக் சமுத்திரமே காலி. பொருட்காட்சியில் பலூன் சுடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கப்பலை மூழ்கடிப்பது சுலபம், தூரத்தில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும், தனக்கு ஒன்றும் ஆகாது என்று மூன்று பொய்களை அது விளையாட்டாகவே கற்றுக் கொடுத்துவிடுகிறது.

நூறு சதவீதத்தில் நடப்பது வேறு. வரைபடம் வெறும் வெள்ளைத்தாள். கடல் வெறும் கடல். எங்கள் கப்பல் 'ஏழு சி' என்ற வகை. ஜெர்மனி மற்ற எல்லா வகைகளையும்விட அதிகமாகக் கட்டியது இதைத்தான். நீளம் 67 மீட்டர். அதற்குள் 44 முதல் 52 பேர். இரண்டே கழிப்பறைகள். புறப்படும்போது அவற்றில் ஒன்றிலும் உணவுப் பொருள்களை அடைத்துவிடுவார்கள் என்று படித்தபோது, விடுதியில் தங்கியிருக்கும் எங்கள் தோழி "இனிமேல் விடுதிக் குளியலறையைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்" என்றாள். நீர்மூழ்கி என்று பெயரே தவிர, பெரும்பொழுது அது நீரின் மேல்தான் போகும். மேலே டீசல் எஞ்சினில் 17 நாட் வேகம் வரும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். மூழ்கிவிட்டாலோ பாட்டரிதான் கதி. நாலு நாட் வேகத்தில் மெல்ல ஊர்ந்தால் 80 கடல் மைல், அதாவது 20 மணி நேரம். அதற்குள் மேலே வந்தாக வேண்டும். மேலே யார் காத்திருந்தாலும் வந்துதான் ஆக வேண்டும்.

சரி, கண்ணுக்கு ஒரு புகை தெரிகிறது. புகைக்குக் கீழே ஒரு கப்பல். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பத்தாம் வகுப்புத் தோழிகளே, இங்கேதான் உங்களுக்கு ஒரு நற்செய்தி. நம் கணிதப் புத்தகத்தின் 'உயரங்களும் தொலைவுகளும்' கணக்கேதான் இது! கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து படகைப் பார்க்கும் மனிதனை நாம் எத்தனை முறை கரித்துக் கொட்டியிருப்போம்? இப்போது நாம் படகில் இருக்கிறோம். கப்பல்களின் படமும் அளவும் உள்ள ஒரு புத்தகம் ஆட்டத்தில் உண்டு. அதைப் புரட்டி, பார்க்கும் கப்பல் எந்த வகை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதன் கொடிமரம் 25 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெரிஸ்கோப்பின் வழியே பார்த்தால் அது 1 பாகை ஏற்றத்தில் தெரிகிறது. 25-ஐ 1 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பால் வகுத்தால் ஏறக்குறைய 1430 மீட்டர். அதே கோணத்தை 1.1 பாகை என்று எடுத்துவிட்டால் தூரம் 1300 மீட்டர் என்றாகிவிடும். பாகையில் பத்தில் ஒரு பங்கு, 130 மீட்டர் வித்தியாசம்! நம் பள்ளி மைதானத்தின் நீளத்தைவிட அதிகம். இதையும் அலையில் ஆடிக்கொண்டிருக்கும் பெரிஸ்கோப்பில் பார்த்தே எடுக்க வேண்டும். எதிரி நம்மைக் கண்டுகொள்வான் என்பதால் அதிக நேரம் பெரிஸ்கோப்பை மேலே வைத்திருக்கவும் கூடாது.

வேகம் தெரிய வேண்டுமே? அதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. கப்பலின் இடத்தை வரைபடத்தில் ஒரு முறை குறிக்க வேண்டும். 3 நிமிடம் 15 விநாடி கழித்து இன்னொரு முறை குறிக்க வேண்டும். இடையில் அது 800 மீட்டர் போயிருந்தால் வேகம் 8 நாட். 600 மீட்டர் என்றால் 6 நாட். நூறால் வகுத்தால் போதும். எங்கிருந்து வந்தது இந்த 3 நிமிடம் 15 விநாடி என்று நாங்கள் ஒரு பிற்பகல் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டோம். விஷயம் மிக எளிது. ஒரு நாட் வேகத்தில் போகும் கப்பல் 195 விநாடியில் கடக்கும் தூரம் 100 மீட்டர், கொசுறாகக் கொஞ்சம். அவ்வளவே. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கும் அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு கணக்கில் உணர்ந்தோம்.

டார்பிடோவைக் கப்பலை நோக்கி விட்டால் பயனில்லை. அது போய்ச் சேருவதற்குள் கப்பல் நகர்ந்துவிடும். கப்பல் வரப்போகும் இடத்தை நோக்கி விட வேண்டும். மின்சாரத்தில் ஓடும் டார்பிடோவுக்கு வேகம் 30 நாட். கப்பலுக்கு 8 நாட். கப்பலின் பாதைக்குச் செங்குத்தாக நாம் நிற்கிறோம் என்றால், ஒரே நேரத்தில் கப்பல் 8 பங்கும் டார்பிடோ 30 பங்கும் போகும். செங்கோண முக்கோணம் கண்முன் நிற்கிறதா? 8-ஐ 30-ஆல் வகுத்து, பாடப்புத்தகத்தின் பின்னாலுள்ள டேன்ஜென்ட் அட்டவணையில் தேடினால் 15 பாகை. ஆகவே நமக்கு நேரே கப்பல் வர இன்னும் 15 பாகை இருக்கும்போதே விட்டுவிட வேண்டும். ஜாமெட்ரி பாக்ஸும் வரைபடத்தாளுமாகத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நாங்கள் இந்த விடையை எடுத்தபோது, கணித ஆசிரியை அருகில் இல்லையே என்று ஏங்கினோம்.

இவ்வளவும் சரியாகப் போட்ட பிறகும் குண்டு வெடிக்காமல் போகலாம். அதுவும் உண்மையே. 1940-இல் நார்வேப் போரின்போது ஜெர்மானியக் கேப்டன்கள் விட்ட டார்பிடோக்கள் பல, ஆழம் மாறி ஓடின, அல்லது வெடிக்கவே இல்லை. கணக்குச் சரியாக இருந்தும் விடை கிடைக்காத சங்கடத்தைப் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

'உண்மையாக ஆடுவது' என்றதும் சிலர் வெளி வேஷத்தில் இறங்கிவிடுகிறார்கள். நாங்களும் ஒரு நாள் ஆசைக்கு ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சை ஏற்றி வைத்தோம். நீர்மூழ்கியில் புழுக்கம் அதிகம் என்பதால் மின்விசிறியையும் நிறுத்தினோம். எங்கள் ஊர் மே மாதத்தில் அதற்கு மேல் உண்மைத்தன்மை தேவையில்லை! எதிரிக் கப்பல் மேலே சுற்றும்போது உண்மையான மாலுமிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிசுகிசுவென்று பேசுவார்களாம். நாங்களும் அப்படியே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடித்தது. "யாருடி ஃபேனை நிறுத்தினது, வெந்து சாகவா?" என்று தோழியின் அம்மா உள்ளே வந்தார். எங்கள் நீர்மூழ்கி அன்று சிரிப்பினாலேயே மூழ்கியது. வேஷம் வேடிக்கை, அவ்வளவே. அதைவிட மேலானது நாங்கள் வைத்துக்கொண்ட ஒரு விதி. இறந்தால் இறந்ததுதான். பழைய நிலைக்குத் திரும்பிப் போய் மறுபடி தொடங்குவது கிடையாது. எங்கள் முதல் கப்பல் நான்காவது பயணத்தில் நாசகாரிக் கப்பல்களிடம் சிக்கிப் போயிற்று. அடுத்த சனிக்கிழமை வேறு கப்பல், வேறு பெயர் கொண்ட மாலுமிகள். பழையவர்களின் பெயர்களைத் தேடி ஏமாந்தோம்.

"பெண்பிள்ளைகளுக்கு எதற்கு இந்த ஆட்டம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். 1942 ஜனவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரி ஒரு விளையாட்டு அறையைத் தொடங்கினார். அவர் காசநோயினால் கடற்படையிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டிருந்தவர். போர் அவரைத் திரும்ப அழைத்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல் கூட்டத்தை எப்படித் தாக்குகின்றன என்பதைக் கண்டுபிடிப்பதே அவருக்கு இட்ட வேலை. அந்த அறையில் அவருக்குத் துணையாக ஆடியவர்களில் பெரும்பாலோர் 'ரென்' என்று அழைக்கப்பட்ட, கடற்படையின் மகளிர் பிரிவுப் பெண்கள். பலர் இருபது வயதை ஒட்டியவர்கள். கடலில் போரைக் கண்டவர் எவரும் இல்லை.

அவர்களிடம் கம்ப்யூட்டர் ஏது? அறையின் தரையே கடல். சிறு பொம்மைகளே கப்பல்கள். கப்பல் போன வழியைத் தரையில் சாக்குக்கட்டியால் கோடிழுத்துக் காட்டுவார்கள். பயிற்சிக்கு வரும் காவல் கப்பல் அதிகாரிகள் அந்தத் தரையை நேராகப் பார்க்கக் கூடாது. துணித்திரைக்குப் பின்னால் நின்று, ஒரு சிறிய துவாரத்தின் வழியே மட்டுமே பார்க்கலாம். நடுக்கடலில் ஒரு கேப்டனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நீர்மூழ்கியின் கோடு பச்சைச் சாக்குக்கட்டியால் போடப்படும். துவாரத்தின் வழியே பார்ப்பவருக்கு அந்தப் பச்சை தெரியாது. ஒரு நகர்த்தலுக்கு இரண்டு நிமிடம், அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். நாங்கள் 'வேண்டாம், வேண்டாம்' என்று சொடுக்கி அணைக்கிறோமே, அதையே அவர்கள் ஒரு துண்டுத் துணியால் சாதித்திருக்கிறார்கள்! உண்மைத்தன்மை என்பது கூடுதலாகக் காட்டுவதில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது என்று அந்த ராபர்ட்ஸுக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அந்தத் தரையில் ஆடிப் பார்த்துத்தான் ஓர் உண்மை வெளிப்பட்டது. கப்பல் கூட்டத்துக்கு வெளியே எங்கோ நின்று நீர்மூழ்கி தாக்குகிறது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். ஆகவே குண்டு வெடித்ததும் காவல் கப்பல்கள் வெளிப்பக்கம் ஓடித் தேடும். ஆனால் நீர்மூழ்கியோ இரவில் பின்பக்கமாகக் கூட்டத்துக்குள்ளேயே நுழைந்து, தாக்கிவிட்டு மூழ்கி, கூட்டம் தன்னைக் கடந்து போகும்வரை பேசாமல் இருந்துவிடுகிறது. திருடனைத் தெருவில் தேடினார்கள், அவன் அடுக்களையில் இருந்தான். இதை முறியடிக்க வகுத்த வியூகத்துக்கு ஜீன் லெயிட்லா என்ற ரென் பெண் 'ராஸ்ப்பெர்ரி' என்று பெயர் வைத்தார். ஆங்கிலப் பேச்சு வழக்கில் அது வாயால் எழுப்பும் கேலியொலியைக் குறிக்கும். ஹிட்லருக்கு ஒரு கேலியொலி! மாக்ஸ் ஹார்ட்டன் என்ற அட்மிரல், முதல் உலகப் போரில் தாமே நீர்மூழ்கிக் கேப்டனாகப் பெயரெடுத்தவர், இந்த அறையில் நீர்மூழ்கியாக ஆடி ஐந்து முறை தோற்றார். தம்மைத் தோற்கடித்தது யார் என்று அவர் கேட்டபோது, திரைக்குப் பின்னாலிருந்து வந்தவர் ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5000 அதிகாரிகள் அந்த அறையில் பயின்று கடலுக்குப் போனார்கள். அவர்கள் கற்றுக்கொண்டது கப்பல்களை எப்படிக் காப்பாற்றுவது என்பதை.

இதை வாசித்ததும் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே ஒரு நெருடல். அந்தப் பெண்கள் ஆடியது காப்பாற்றுவதற்கு. நாங்கள் ஆடுவது?

மின்சார டார்பிடோ 900 மீட்டர் தூரம் போக 58 விநாடி ஆகும். சலுகை ஆட்டத்தில் அந்த நேரம் காமிராவின் வேடிக்கை. நூறு சதவீதத்தில் பெரிஸ்கோப்பை இறக்கிவிட்டு, கையில் ஸ்டாப்வாட்சுடன் உட்கார்ந்திருக்க வேண்டும். விட்டதைத் திரும்ப அழைக்க முடியாது. நாற்பது, ஐம்பது, ஐம்பத்தைந்து. பிறகு தூரத்தில் ஒரு சத்தம். கப்பல் மூழ்குவதாக ஒரு குரல் சொல்லும். எத்தனை டன் என்று ஒரு எண் பதிவாகும். அந்த 58 விநாடியில் ஒரு நாள், எங்களில் ஒருத்தி, அதிகம் பேசாதவள், கேட்டாள்: "அதில் எத்தனை பேர் இருந்தார்கள்?"

ஆட்டத்தில் உள்ள அந்தக் கப்பல் புத்தகத்தைப் புரட்டினோம். நீளம் இருக்கிறது. கொடிமரத்தின் உயரம் இருக்கிறது. நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கும் என்பது இருக்கிறது. டன் கணக்கு இருக்கிறது. ஆட்கள் இல்லை. கேப்டனுக்குத் தேவையான எண்கள் அத்தனையும் உண்டு, அந்த ஒன்றைத் தவிர.

1940 செப்டம்பர் 17-ஆம் தேதி இரவு, 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' என்ற கப்பலை யூ-48 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. காசி நகரத்தின் பெயரைத் தாங்கிய அது, இந்தியாவுக்கு வந்து போவதற்காகக் கட்டப்பட்ட பயணிக் கப்பல். அதன் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர். அப்போது அது லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. குண்டுவீச்சிலிருந்து தப்புவிப்பதற்காகப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். குழந்தைகள் இருப்பது வெளியே தெரியும்படி எந்த அடையாளமும் கப்பலில் இல்லை. இருட்டில் ஒரு பெரிய கப்பல், அதன் தூரம், அதன் வேகம், இவையே கேப்டனுக்குத் தெரிந்தவை. நாங்கள் தரையில் படுத்துப் போட்ட அதே கணக்குத்தான். 77 குழந்தைகள் இறந்தார்கள். இந்திய மாலுமிகள் பலரும் இறந்தார்கள்.

பன்னிரண்டாம் எண் உயிர்காப்புப் படகு மட்டும் மீட்பவர் கண்ணில் படாமல் விலகிப் போய், எட்டு நாள் கடலில் அலைந்தது. அதில் 46 பேர். பெரும்பாலோர் நம் நாட்டு மாலுமிகள். ஆறு சிறுவர்கள். ஒரு கத்தோலிக்கக் குருவானவர். மேரி கார்னிஷ் என்ற இசை ஆசிரியை. குளிரில் விறைத்த சிறுவர்களின் கைகால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, நாள்தோறும் துப்பறியும் கதையை இட்டுக்கட்டி, தொடரும் போட்டுச் சொல்லி அவர்களை உயிரோடு வைத்திருந்தவர் அவரே. அடுத்த நாள் கதை தெரிய வேண்டுமென்றால் அடுத்த நாள் உயிரோடு இருந்தாக வேண்டுமல்லவா! கடைசியில் ஒரு விமானம் அந்தப் படகைக் கண்டது. ஆறு சிறுவர்களும் பிழைத்தார்கள்.

இதைப் படித்த பிறகு கேள்வி கேட்ட அந்தத் தோழி, "நான் இனிமேல் குண்டு விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒருத்தியின் அப்பா, "சதுரங்கத்தில்கூடத்தான் யானையை வெட்டுகிறோம், அதற்காக அழுகிறோமா?" என்றார். சரியான வாதமாகத்தான் தோன்றியது. வரலாறு கற்பிக்கும் சிஸ்டரிடம் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "சதுரங்கக் காய்க்குப் பெற்ற தாய் இல்லையேம்மா" என்றார். ஆட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது. தடுத்திருந்தால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்போம்.

ஜெர்மானியர் பக்கமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறோம். ஹிட்லரின் ஆட்சி செய்த கொடுமைகளைப் பாடத்தில் படித்திருக்கிறோம். இந்த ஆட்டத்தில் அவற்றைப் பற்றி மூச்சு இல்லை. மூழ்கடித்த டன்னுக்குத் தக்கபடி புகழ்ப் புள்ளிகள் கிடைக்கும், மாலுமிகளுக்குப் பதக்கம் சூட்டலாம், அவ்வளவே. நூறு சதவீதம் என்று போட்டுக்கொள்ளும் ஓர் ஆட்டம், அந்தக் கப்பல் யாருக்காகப் போரிட்டது என்பதை விட்டுவிட்டு எப்படி நூறு ஆகும்? இது அதன் பெருங்குறை என்றே கருதுகிறோம். பதக்கங்களை நாங்கள் சூட்டுவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான் ஒன்று புரிந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் பணிசெய்த ஏறக்குறைய 40,000 பேரில் 30,000 பேர் வரை திரும்பி வரவில்லை. நால்வரில் மூவர். நாங்களும் நால்வர். யார் அந்த ஒருத்தி என்று பார்த்துக்கொண்டோம். அவர்களைப் போருக்கு அனுப்பிய அட்மிரல் டோனிட்ஸின் சொந்த மகனே 1943 மே மாதம் ஒரு நீர்மூழ்கியில் மாண்டான். அந்த ஒரு மாதத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் அழிந்தன. லிவர்பூல் தரையில் ஆடிய பெண்களின் கைவண்ணமும் அதில் உண்டு. ஒரு பக்கத்துக் குழந்தைகளைக் காத்த கணக்கு, இன்னொரு பக்கத்துப் பிள்ளைகளை மூழ்கடித்தது. இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இந்தப் போரைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது எங்கள் எண்ணம்.

மனம் கெடும் என்கிற பெரியவர்களிடம் எங்கள் விண்ணப்பம் ஒன்றுதான். பிள்ளைகள் யுத்த ஆட்டம் ஆடினால் மடிக்கணினியை மூடச் சொல்வதற்கு முன், அந்தச் சலுகைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். எதையெல்லாம் அணைத்திருக்கிறாய் என்று கேளுங்கள். குண்டு போய்ச் சேரும்வரை என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டால் நாங்கள் குறுக்கே வர மாட்டோம். பெரியம்மா மகன் அண்ணன் மன்னிப்பாராக!

நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். தேதி, கப்பலின் வகை, தூரம், கோணம், வேகம், டன் என்று கட்டம் கட்டமாகக் கோடிட்டது. கடைசிக் கட்டத்துக்கு 'ஆட்கள்' என்று தலைப்பு. ஆட்டம் அந்த எண்ணைத் தராது. போர்க்காலத்துச் சரக்குக் கப்பல்களில் நாற்பது பேர் வரை வேலை பார்த்தார்கள் என்று படித்ததை வைத்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதை நிரப்புகிறவள், குண்டு விட மாட்டேன் என்று சொன்ன அதே தோழி. இப்போதும் சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். ஹைட்ரோபோனில் காது வைத்துத் தொலைவில் சுழலும் உந்து விசிறிகளின் ஓசையை எங்கள் எல்லோரையும்விட முதலில் கேட்பவள் அவளே. கப்பல் மூழ்கிய செய்தி வந்ததும் பேனாவை எடுப்பாள். அவள் அந்தக் கட்டத்தை எழுதி முடித்து நோட்டை மூடும்வரை அடுத்த கப்பலை நாங்கள் தேடுவதில்லை.